தோணி கொடுத்த மைலேஜ்

வெர்லனிடம் உன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "இருக்கா" என்பான். உன் பிக்கப் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டுவிட்டால் போச்சு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கேலனுக்குப் பன்னிரண்டு மைல். அதுவும் முதுகில் கேம்பரைச் சுமந்துகொண்டு, வயோமிங் மேட்டு நிலத்தில். தெல்மாவின் காப்பிக்கடையில் காலை நேரத்தில் வந்து உட்காரும் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவனும் தன் வண்டி மைலேஜைச் சொல்வான், ஒவ்வொருவனும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். வெர்லன் மட்டும் கூட்டிச் சொல்ல மாட்டான். அவன் குறைக்கிற ஆள். வண்டியின் மேல் இருப்பதைக் குறைப்பான்.

அந்தக் கேம்பர் வாங்கிய புதிதில் மகாராணி மாதிரி இருந்தது. பிக்கப்பின் முதுகில் தூக்கி வைத்த குட்டி வீடு. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அதற்கு மேல் நகைநட்டு மாதிரி என்னென்னவோ. கூரையில் ஏசி, பக்கத்தில் இழுத்து விரிக்கும் பந்தல், பின்னால் ஏணி, சைக்கிள் மாட்டும் சட்டம். வெர்லன் ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"இந்த ஏசிப் பெட்டி காத்த நெஞ்சக் குடுத்துத் தாங்குது. அரை மைல் போச்சு."

"கழட்டிட்டா வெயில்ல நான் வேக வேண்டியதுதானா?" என்று அவன் பெண்டாட்டி ஆர்டிஸ் கேட்டாள்.

"ஜன்னல தெற. காத்து சும்மா வருது."

பந்தல் போயிற்று, ஏணி போயிற்று. சைக்கிள் சட்டம் வண்டிக்குப் பின்னால், காற்றுப் படாத மறைவில்தான் இருந்தது. அதைக் கழற்றுவதால் மைலேஜ் கூடாது என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் கனம் கனம்தானே என்று அதையும் இறக்கினான். பீங்கான் தட்டுகள் இறங்கின, பிளாஸ்டிக் தட்டுகள் ஏறின. தண்ணீர்த் தொட்டியைப் போகிற இடத்தில்தான் நிரப்ப வேண்டும் என்று சட்டம் போட்டான். தண்ணீரைச் சுமந்துகொண்டு போய்த் தண்ணீர் இருக்கிற ஊரில் கொட்டுவார்களா என்பது அவன் வாதம். ஆர்டிஸின் இரும்பு வாணலி மட்டும்தான் தப்பியது. அதன் மேல் அவன் கண் விழுந்த அன்றைக்கு அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத எறக்கணும்னா என்னையும் சேத்து எறக்கு. ரெண்டு கனமும் கொறஞ்சுடும்."

வெர்லன் ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணத்தை ஆர்டிஸ் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் அவள் தோணி கேட்டாள்.

தோணி அவளுடையது. தங்கள் ஊரான டில்லன் ஃபிளாட்டின் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டி ஓட்டி அவள் ஓய்வு பெற்றபோது, கூட ஓட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்தது. ஆர்டிஸ் மின்னசோட்டாவில் ஏரிக்கரையில் பிறந்தவள். பனியில் பேருந்து மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏரிக் கதைதான் சொல்வாள். அதனால் பச்சை நிறத்தில் ஒரு நீளத் தோணி வாங்கி, மூக்கில் அவளுடைய பேருந்தின் எண்ணை, பதினேழு என்று, மஞ்சள் பெயின்டால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், அவள் அழுதாள். அப்புறம்தான் ஒருத்தருக்கும் தோன்றாத விஷயம் தோன்றியது. டில்லன் ஃபிளாட்டில் மாடுகளுக்கு வைத்த தொட்டியைத் தவிர மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது.

தோணி கொட்டகையில் கிடந்தது. ஆர்டிஸ் சில சாயங்காலங்களில் போய் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். துடுப்பை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், சிமென்ட் தரையை மெதுவாகத் துழாவுவாள்.

இந்தக் கோடையில் மின்னசோட்டா போவதென்று முடிவாகியிருந்தது. தங்கை மார்னா ஏரிக்கரையில் வீடு வைத்திருந்தாள், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இதற்கிடையில் ஆர்டிஸின் வலது தோளைப் பார்த்த டாக்டரம்மா, கோடை முடிந்ததும் கத்தி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். "இந்தக் கோடைக்குத் துடுப்புப் போடுங்க, தாராளமா. அடுத்த கோடையப் பத்தி நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

ஆக, தோணி தண்ணீரைப் பார்ப்பதென்றால் இந்தக் கோடையில்தான். இல்லையென்றால் அது கொட்டகையிலேயே மக்கும்.

ஆர்டிஸ் செய்த ஒரே தப்பு, அதைக் காப்பிக்கடையில் வைத்துக் கேட்டது. நாலு பேர் எதிரில் கேட்டால் வெர்லன் மறுக்கக் கூச்சப்படுவான் என்று கணக்குப் போட்டாள். நாலு பேர் எதிரில்தான் அவனுக்கு வாய் நீளும் என்பதை எப்படியோ மறந்து போனாள்.

அன்றைக்கு மேஜையில் கஸ் இருந்தான். நெடுஞ்சாலை இலாகாவில் வெர்லனோடு சேர்ந்து ஆயுள் முழுவதும் பனித்தடுப்பு வேலி போட்டவன். காற்று எந்தப் பக்கமிருந்து பனியை அடித்துக்கொண்டு வரும், வேலியை எங்கே நட்டால் சாலை தப்பும் என்று பார்ப்பதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் தொழில். பக்கத்தில் ரோலண்ட். ஒஹாயோவிலிருந்து ஓய்வு வாழ்க்கைக்காக இங்கே குடிவந்தவன். நல்ல மனுஷன்தான், ஆனால் அவன் கேம்பரில் இல்லாத சாமான் கடையிலும் கிடையாது. கூரை முழுக்கச் சூரியத் தகடு, டிவிக்குக் குடை, ஜெனரேட்டர், இரண்டு சைக்கிள். அது கொடுக்கிற மைலேஜைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தணிந்துவிடும்.

"வெர்லன், மின்னசோட்டாவுக்குத் தோணிய எடுத்துட்டுப் போலாமா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"எதுல வெச்சு?"

"கேம்பர் கூரைலதான். வேற எதுல, என் தலைலயா?"

மேஜை சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. வெர்லன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"இந்தா பாரு. என் கூரை மேல ஒரு காக்கா வந்து உக்காந்தாக்கூட, அத எறக்கி விட்டுட்டுத்தான் நான் வண்டிய எடுப்பேன். தோணியாம் தோணி! அங்க போய் வாடகைக்கு எடுத்துக்க."

"வாடகைத் தோணில பதினேழுன்னு எழுதியிருக்குமா?"

"பெயின்ட் டப்பா வாங்கித் தரேன், எழுதிக்க."

மேஜை மறுபடி சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு வெளியே போனாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் படாரென்று அடித்துக்கொண்டது. அது அவள் கோபமில்லை, காற்று. அந்த ஊரில் எல்லாக் கதவும் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இருந்தவர்கள் அவள் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள், அவளும் திருத்தப் போகவில்லை.

சில நாள் வீட்டில் பேச்சே இல்லை. அவள் சமைத்தாள், அவன் தின்றான். அப்புறம் ஒரு காலையில், ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே வெர்லன் சொன்னான்:

"சோதிச்சுப் பாத்துடலாம். தோணிய வெச்சு ஒரு தடவ ஓட்டலாம், எறக்கிட்டு ஒரு தடவ. கேலனுக்கு ஒரு மைலுக்கு மேல தின்னா, தோணி வீட்டுல. தின்னலேன்னா கூட வரட்டும்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நம்பர் நம்பர்தான். நான் யாரு மாத்தறதுக்கு?"

ஆர்டிஸுக்கு முடிவு இப்போதே தெரிந்த மாதிரிதான் இருந்தது. அத்தனை நீளத் தோணியைக் கூரையில் கட்டினால் ஒரு மைலுக்கு மேல்தான் தின்னும், இதற்குச் சோதனை எதற்கு? பெண்டாட்டி முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் நம்பரைச் சொல்ல வைக்கிறான் என்று நினைத்தாள். இருந்தாலும் சரி என்றாள். வேறு வழி?

சோதனை வைக்கிற நாள்தான் வருவேனா என்றது. அந்த வாரம் வயோமிங்கில் அதிசயமாகக் காற்றே இல்லை. இலை அசையவில்லை, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இன்றைக்குப் போகலாமா என்று கேட்டால் டயரில் காற்றுச் சரிபார்க்கணும் என்பான். மறுநாள் கேட்டால் எண்ணெய் மாற்றணும் என்பான். அதற்கு மறுநாள் முழங்கால் வலி. "என்னைக்குத்தான்யா?" என்று அவள் கத்தியும் பார்த்துவிட்டாள்.

ஒரு காலை, வீட்டுக் கூரைத் தகரம் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் அவள் விழித்தபோது, வெர்லன் பூட்ஸெல்லாம் மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எழுந்திரு, எழுந்திரு. இன்னைக்குச் சோதனை."

"இந்தக் காத்துலயா?"

"வயோமிங்ல காத்துக்குப் பயந்தா வெளிய போக முடியுமா?"

சாட்சிக்கு ரோலண்டை வரச் சொல்லியிருந்தான். சாட்சி என்றால் கஸ்தானே பொருத்தம் என்று ஆர்டிஸ் கேட்டதற்கு, "கஸ் தொணதொணன்னு பேசுவான்" என்றான். கஸ் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதற்குள் காப்பி ஆறிவிடும் என்பது ஊருக்கே தெரியும். ஆர்டிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்று பேருமாகத் தோணியைத் தூக்கிக் கூரையில் கவிழ்த்து, பட்டையால் இறுக்கிக் கட்டினார்கள். காப்பிக்கடை எதிரில் இருக்கும் பங்க்கில் டீசல் போட்டார்கள். அதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. எப்போதும் அதே பம்ப், அதே பக்கம், குழாய் முதல் தடவை டக் என்று நின்றதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றினாலும் கணக்குச் செல்லாது. தெல்மா கடை வாசலில் தொங்கவிட்டிருக்கும் இரும்புச் சங்கிலி கிழக்கே சாய்ந்து நின்றது. மற்ற ஊரில் காற்றுப் பார்க்கத் துணியில் கொடி கட்டுவார்கள். இங்கே துணி நிற்காது, சங்கிலிதான். வெர்லன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சங்கிலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான்.

"லாரமி வரைக்கும் தோணியோட. அங்க தீவனக் கடை டெக்ஸ்டர் கொட்டகைல தோணிய எறக்கிப் போட்டுட்டு, வெறுங்கூரையோட திரும்பி வரோம். அதே ரோடு, அதே தூரம். சரியா, ரோலண்ட்?"

"ரொம்பச் சரி. விஞ்ஞானமே அப்படித்தான்" என்றான் பின் சீட்டிலிருந்து ரோலண்ட்.

லாரமி கிழக்கே இருந்தது.

பாதி வழி போகும் வரையில் ஆர்டிஸுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, தோற்கப் போகிறோம் என்ற துக்கத்தில் இருந்தாள். அப்போது ஜன்னல் பக்கத்தில் வேரோடு பிடுங்கிக்கொண்டு காய்ந்து சுருண்ட முள்செடி ஒன்று பந்து மாதிரி உருண்டு வந்தது. வண்டிக்குச் சமமாக ஓடியது. கொஞ்ச தூரம் கூடவே வந்து, அப்புறம் இவர்களை முந்திக்கொண்டு போயிற்று.

ஆர்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காது கொடுத்துக் கேட்டாள். கூரைப் பட்டை ஊளையிடவே இல்லை. சாலையோரப் புல் முழுக்கக் கிழக்கே படுத்திருந்தது. ஆண்டவரே, காற்று பின்னாலிருந்து இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது! திரும்பி வரும்போது தோணி இருக்காது, ஆனால் இதே காற்று மூஞ்சியில் அடிக்கும்.

ஓரக்கண்ணால் வெர்லனைப் பார்த்தாள். அவன் முள்ளையே பார்த்து, சின்னதாக விசில் அடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சந்தேகம் இல்லை. அட மக்கு மனுஷா! காற்றுக்கு வேலி கட்டியே வயிறு வளர்த்தவன், மைலேஜ் என்று வந்ததும் காற்றையே மறந்துவிட்டானே! தெரிந்திருந்தால் இந்தக் காற்றில் சோதனை வைப்பானா? அரை மைலுக்காக ஏசியைக் கழற்றிய பிசுநாறி அல்லவா? சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுகிற மாதிரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லாரமியில் முதல் டக்கில் குழாயை எடுத்து, ரோலண்ட் செல்போனில் கணக்குப் போட்டான். போட்டவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டான்.

"பதினாலு! கிட்டத்தட்டப் பதினாலு வருது!"

"சரியாப் பாத்தீங்களா?" என்றான் வெர்லன்.

"ரெண்டு தடவ பாத்தேன். தோணியோட!"

டெக்ஸ்டரின் கொட்டகையில் தோணியை இறக்கி வைக்கும்போது ஆர்டிஸின் மனசு உறுத்த ஆரம்பித்தது. மஞ்சள் பதினேழு அவளையே பார்ப்பது போலிருந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவள் இவனிடம் ஏமாற்றி எதையும் வாங்கியதில்லை. சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள், அழுது வாங்கியிருக்கிறாள், அது வேறு. இது சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆடுகிற மாதிரி. சொல்லிவிட வேண்டியதுதான்.

"வெர்லன்."

"என்ன?"

வாய் வரைக்கும் வந்தது. தோளில் சுரீர் என்று ஒரு வலி இழுத்தது, டாக்டரம்மாவின் முகம் வந்து நின்றது. அடுத்த கோடை இல்லை.

"ஒண்ணுமில்ல. காப்பி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"வேணாம். வா, போலாம்."

திரும்புகிற வழி நரகம். பிக்கப் முக்கியது, முனகியது, வெறுங்கூரை ஊ ஊ என்று அலறியது. முள்பந்துகள் எதிரே பாய்ந்து வந்து முன்பக்கத்தில் மோதிச் சிதறின. அப்போதும் வெர்லன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டில்லன் ஃபிளாட்டில் அதே பம்ப்பில் கணக்குப் பார்த்தால், ஒன்பதுக்கு ஒட்டியும் ஒட்டாமலும் வந்தது.

ரோலண்டுக்கு ஞானம் பிறந்துவிட்டது. "புரிஞ்சுபோச்சு! கேம்பர் மூஞ்சி சப்பையா இருக்கு, காத்து அதுல போய் முட்டுது. தோணி மூக்குக் கூர்மையா இருக்கா, அது காத்த ரெண்டாக் கிழிச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளிடுது. கப்பல் தண்ணியக் கிழிக்கலையா?"

"இருக்கலாம்" என்றான் வெர்லன், பாதிரியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மறுநாள் காப்பிக்கடையில் ரோலண்ட் எழுந்து நின்றே அறிவித்தான். தோணியோடு பதினாலு, தோணி இல்லாமல் ஒன்பது, நானே சாட்சி. ஒருவன் காப்பிக்குள் எதையோ தேடினான். இன்னொருவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். தெல்மா கோப்பை நிறைந்த பிறகும் காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஆர்டிஸுக்கு உடம்பு கூசியது. இவர்களெல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், காற்று எது என்று தெரியாதா? என் புருஷனை முட்டாள் என்று நினைக்கிறார்கள், முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் இருக்கிறார்கள். அவன் பேரை நான் கெடுத்துவிட்டேன்.

கடைசியில் கஸ் தொண்டையைச் செருமினான். "எந்தப் பக்கம் போறப்ப தோணி இருந்துச்சு?"

ஆர்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரமி பக்கம்" என்றான் வெர்லன்.

கஸ் அவனை நெடுநேரம் பார்த்தான். அப்புறம் ஆர்டிஸைப் பார்த்தான். கோப்பையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். "அப்படின்னா தோணிய விட்டுட்டுப் போகாத. நஷ்டம்" என்றான்.

"நம்பர் நம்பர்தான்" என்றான் வெர்லன். "நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்." கடை முழுக்க ஏனோ இருமல் கிளம்பியது. ரோலண்ட் அன்றைக்கே ஒரு தோணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான்.

ஜூன் மாசம் கிளம்பினார்கள். போகிற வழியில் லாரமியில் தோணியை ஏற்றிக்கொண்டார்கள். நெப்ராஸ்கா முழுக்க ஆர்டிஸ் சந்தோஷமாகவும் இருந்தாள், குற்றவாளியாகவும் இருந்தாள். ஒவ்வொரு பங்க்கிலும் இங்கே சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அவன் டீசல் போட்டுவிட்டு வந்து, அவளுக்குப் பிடித்த உப்புக்கடலைப் பொட்டலத்தை மடியில் போடுவான். சொல்லக் கிளம்பியது கடலையோடு உள்ளே போய்விடும்.

மார்னா வீட்டு ஏரி அப்படியேதான் இருந்தது. கரை வரைக்கும் பைன் மரம், நடுவில் ஒரு தீவு. தோணியைத் தண்ணீரில் இறக்கிய மறு நிமிஷம் ஆர்டிஸின் கண் நிறைந்துவிட்டது. அவள் பின்னால் உட்கார்ந்தாள். தோணியைத் திருப்புகிறவர் இடம் அது. வெர்லனுக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையைக் கழுத்து வரை இறுக்கிக்கொண்டு, பல் பிடுங்க உட்கார்ந்தவன் மாதிரி முன்னால் உட்கார்ந்தான். கரையிலிருந்து மார்னா கை ஆட்டினாள். அவன் பதிலுக்குக் கை ஆட்டவில்லை, பக்கவாட்டைப் பிடித்திருந்த கையை எடுக்கத் தைரியம் இல்லை.

துடுப்பு தண்ணீரைத் தொட்டது. சிமென்ட் தரை இல்லை, தண்ணீர். தோள் வலித்தது, ஆனால் சொன்னபடி கேட்டது. ஆர்டிஸுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல ஆனந்தமாக இருந்தது. ஏரியின் நடுவுக்கு வந்து, தீவை வலப்பக்கமாகச் சுற்றத் தோணியைத் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் வேணாம்" என்றான் வெர்லன். "எடது பக்கமாப் போ."

"ஏன்?"

"காத்து திரும்பப் போகுது. வலது பக்கம் போனா தீவு முடியற எடத்துல மூஞ்சில அறையும். எடது பக்கம் மரம் தடுக்கும்."

"ஏன்யா, வாழ்க்கைல முதல் தடவ தோணில ஏறியிருக்க. தண்ணியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரியாது. காத்தப் பத்தித்தான் சொல்றேன்."

அவள் இடப்பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கத் தண்ணீர் முழுக்கக் கறுத்துச் சுருண்டது. காற்று திரும்பி, தீவின் அந்த முனையில் அலையை அடித்து நொறுக்கியது. இவர்கள் இருந்த பக்கம் மர நிழலில் தண்ணீர் அலுங்காமல் கிடந்தது.

ஆர்டிஸ் துடுப்புப் போடுவதை நிறுத்தினாள். காற்றில்லாத நாளெல்லாம் வந்த முழங்கால் வலி. சங்கிலியைப் பார்த்த பார்வை. கஸ் வேண்டாம், ரோலண்ட் போதும் என்றது. எதிர்க்காற்றில் திரும்ப வேண்டிய தோணியை லாரமியிலேயே விட்டுவிட்டு வந்தது.

"வெர்லன், திரும்பி என்னப் பாரு."

"திரும்பினா கவுந்துடும்."

"அன்னைக்கே உனக்குத் தெரியும்."

அவன் காது இரண்டும், பின்னாலிருந்து பார்க்கும்போதே, சிவந்துகொண்டு வந்தன.

"தெரியுமா, தெரியாதா?"

"காத்துக்கு வேலி போட்டுக் கிழவனானவன்கிட்டக் கேக்கற கேள்வியா இது?"

"அடப் பாவி! அப்ப கஸ்ஸுக்கு?"

"ஊருக்கே தெரியும். ரோலண்டத் தவிர."

"நான் ஒருத்தி உன்ன ஏமாத்திட்டேன்னு வழி முழுக்க வெந்துட்டு வந்தேன்! ஏன்யா, கூட எடுத்துட்டுப் போலாம்னு வாயத் தெறந்து சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

வெர்லன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னைக்குக் காப்பியப் பாதில வெச்சுட்டுப் போனியே. சாயங்காலம் உன்னத் தேடிக் கொட்டகைக்கு வந்தேன். தோணில உக்காந்துட்டுத் தரையத் தொழாவிட்டிருந்த. அதப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆர்டிஸ். ஆனா அத்தன பேர் முன்னாடி காக்கா வரைக்கும் பேசித் தொலச்சுட்டேனே. அத எப்படித் திரும்ப வாங்கறது? அதான் நம்பர் சொல்லட்டும்னு விட்டேன்."

ஆர்டிஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிரிப்பு ஜெயித்தது. தோணி ஆடியது, வெர்லன் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட்டான்.

"ரோலண்ட் பாவம்யா. தோணி வேற வாங்கிட்டான்."

"அவன் ஒஹாயோவுக்கு, மக வீட்டுக்குத்தான் போறான். அதுவும் கெழக்கதான். பேத்திக்குக் குடுத்துட்டு வந்துடுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு துடுப்பை எடுத்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, நெஜமா இந்தத் தோணி எவ்வளவுதான் தின்னுது?"

"ஒண்ணரை மைல். இருந்தா இன்னும் கொஞ்சம் கூட."

"ஐயையோ!"

"தின்னட்டும்" என்றான் வெர்லன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. "ஆனா ஒண்ணு. ஊருக்குத் திரும்பறப்ப, தோணியும் மேல இருக்கும், காத்தும் எதிர்ல இருக்கும். எட்டுகூடக் குடுக்காது."

"அப்ப என்ன பண்றது?"

"காத்து அடங்கற வரைக்கும் இங்கயே இருந்துட்டுப் போலாம்."

"வயோமிங்ல காத்து என்னைக்குய்யா அடங்கியிருக்கு?"

"எனக்குத் தெரியாதா?" என்றான் வெர்லன், திரும்பிப் பார்க்காமலே. "நீ துடுப்பப் போடு."

அவள் போட்டாள்.